எலும்பு தின்னும் விருந்தாளி

கேள்வி: சிங்கம், ஒட்டகச்சிவிங்கி இல்லாமல் உள்ளூர் விலங்குகளை மட்டும் வைத்தால் மிருகக்காட்சி சாலைக்கு யார் சார் வருவார்கள்?

பதில்: ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக் நகரத்து மலைச்சரிவில் உள்ள ஆல்பன் சூவுக்கு 1962-லிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே ஆல்ப்ஸ் மலைப் பிராணிகள் மட்டும்தான்: ஐபெக்ஸ் ஆடு, பழுப்புக் கரடி, லிங்ஸ் பூனை, ஏரி மீன்கள்கூட.

எனக்குப் பிடித்தது தாடிக் கழுகு. அலகுக்குக் கீழே நிஜமாகவே கறுப்புத் தாடி! வெள்ளை மார்பை இரும்புச் சத்துள்ள சேற்றில் புரட்டிச் செம்பட்டையாக்கிக்கொள்ளும். சாப்பாடு எலும்பு. பெரிய எலும்பானால் உயரே தூக்கிப்போய்ப் பாறைமேல் போட்டு உடைக்கும். இந்த அப்பாவியைத்தான் ஆட்டுக்குட்டித் திருடன் என்று பழி சுமத்திச் சுட்டுத் தள்ளினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ப்ஸில் பூண்டோடு போய்விட்டது. கூண்டில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்த முன்னோடிகளில் ஆல்பன் சூவும் ஒன்று. 1986-இல் ஆஸ்திரிய மலைகளில் குஞ்சுகளைத் திரும்ப விடத் தொடங்கினார்கள். இன்று அவை அங்கே தாமாகவே கூடு கட்டிப் பெருகுகின்றன.

கூண்டில் பார்த்த பறவையை வெளியே வந்து தலைக்கு மேலும் பார்க்க முடியும் என்றால், ஒட்டகச்சிவிங்கியை யார் தேடப்போகிறார்கள்?