சூரியனும் துர்க்மென்பாஷியும்

2002இல் துர்க்மெனிஸ்தானில் ஜனவரி மாதம் பதவி இழந்தது. அந்த இடத்துக்கு அதிபர் சபர்முராத் நியாசோவ் தன் பட்டப்பெயரான 'துர்க்மென்பாஷி'யை அமர்த்தினார். ஏப்ரலுக்கு அம்மாவின் பெயர். பாசக்காரப் பிள்ளை.

தலைநகர் அஷ்காபாத்தில் 75 மீட்டர் வளைவின் உச்சியில் அவருக்குப் பொன்முலாம் பூசிய சிலை. எந்நேரமும் சூரியனைப் பார்த்தபடி அது மெல்லச் சுழன்றது. சூரியன்தான் தலைவரைச் சுற்றி வருகிறது என்று யாராவது விளக்கியிருந்தால், அவர் மறுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் எழுதிய 'ருஹ்நாமா' நூலைக் கற்காதவருக்கு அன்று ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது. பிரேக் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அடுத்த விஷயம். மூன்று முறை படித்தால் சொர்க்கம் உறுதி என்றும் சொன்னார். அதற்கு உரிமம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சரும் மருத்துவருமான டேவிட் ஓவன், 2009இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய அதிகார அகந்தையை ஒரு நோய்க்குறித் தொகுப்பாகவே வரையறுத்தார். நாட்டையும் தன்னையும் ஒன்றாகக் காண்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. பதவி போனால் பெரும்பாலும் நோயும் போகுமாம். ஆயுட்கால அதிபருக்கு என்ன மருந்து என்று கேட்காதீர்கள்.

2006இல் நியாசோவ் இறந்தார். 2008இல் ஜனவரி மீண்டும் பதவியேற்றது. 2010இல் வளைவு புறநகருக்குக் குடிபெயர்ந்தது. நியாசோவுக்கு அடுத்து வந்த அதிபர் பல் மருத்துவர், பெர்திமுஹமெதோவ். 2015இல் அவருக்கும் பொன்முலாம் பூசிய சிலை எழுந்தது, இந்த முறை குதிரைமேல். மக்கள்தான் கேட்டார்களாம்.