தண்ணியில்லாக் காட்டுத் தூண்டில்காரர்

மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டவனைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றுவதாக மிரட்டுவார்கள். திண்டுக்கல்காரனிடம் அந்த மிரட்டல் பலிக்காது. அவன் அங்கேயே பிறந்தவன். மலைமேல் கோட்டை உண்டு, ராஜா இல்லை. மலைமேல் கோயிலும் உண்டு, மூலவர் இல்லை. அம்மன் எப்போதோ ஊருக்குள் இறங்கி வந்துவிட்டாள். ஊரைச் சுற்றிக் குளங்கள் உண்டு. தண்ணீரைப் பற்றி ஐப்பசிக்கு மேல் வந்து கேளுங்கள். இல்லாததை வைத்துக் குடித்தனம் நடத்திப் பழகிய இந்த ஊரில் தூண்டில்காரர் என்று ஓர் இனம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவரைப் பார்க்கலாம். ஊரார் இன்னும் படுக்கையில் புரண்டபடி மத்தியானப் பிரியாணிக்கு எந்தக் கடை என்று யோசிக்கும் நேரம். டிவிஎஸ் எக்ஸெல்லின் பக்கவாட்டில் மூங்கில் கம்பு முன்னே ஒரு கெஜம், பின்னே ஒரு கெஜம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, திண்ணையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, மறுபடி கிளம்புவார். தெருவில் ஆகாதவர்கள் சிலர் இதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள்.

வாரத்தில் ஆறு நாள் அவர் சாதாரண மனிதர். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவராக இருக்கலாம். மின்வாரியத்தில் ஓய்வுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். வத்தலக்குண்டு பஸ்ஸில் விசிலடிப்பவராகவும் இருக்கலாம். பட்டறைக்காரர் என்றால் ஒரு சௌகரியம். கடையில் வாங்கிய தூண்டில் முள்ளை அவர் நம்புவதில்லை. மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி ராவுகிற அதே அரத்தால் முள்ளின் முனையை ராவி, கட்டைவிரல் நகத்தில் குத்திப் பார்த்து, “இப்பச் சரி” என்பார். நரம்பு கடையில் வாங்கியது. ஈயம் பழைய டயர்க்கடையில் பொறுக்கியது. தக்கை மட்டும் வீட்டுத் தயாரிப்பு: ஹவாய்ச் செருப்பிலிருந்து அறுத்த ரப்பர் துண்டு. அவர் வீட்டில் குதிகால் மூலை முழுசாக இருக்கும் செருப்பு ஒன்றுகூடக் கிடையாது.

இரைதான் குடும்ப ரகசியம். குடும்பத்துக்கே தெரியாத ரகசியம். நாக்குப்பூச்சி எல்லாருக்கும் தெரிந்தது. கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, கோழிக்குடல் வரைக்கும் கரையில் பேசலாம். அதற்கு மேல் பேச்சு இல்லை. சனிக்கிழமை ராத்திரி பரோட்டாக் கடை மாஸ்டரிடம் எலுமிச்சை அளவு மாவு வாங்கி வருவதைப் பார்த்தவர்கள் உண்டு. அதில் எதைச் சேர்த்துப் பிசைகிறார் என்பதைப் பார்த்தவர்கள் இல்லை. பெருங்காயம் என்கிறார்கள், வெண்ணிலா எசென்ஸ் என்கிறார்கள், திண்டுக்கல்லில் வளர்ந்த கெண்டைக்குப் பிரியாணி மசாலா போதும் என்று அடித்துச் சொல்பவரும் இருக்கிறார். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் என்ற துரை 1873இலேயே ‘தி ராட் இன் இந்தியா’ என்று தூண்டிலுக்கென்று ஒரு புத்தகம் போட்டார். பரோட்டா மாவு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம்மாளைக் கேட்டால், “சும்மா, மாவுதான்” என்பதோடு முடித்துக்கொள்வார்.

குளத்தங்கரைக்கு வந்ததும் சட்டப் பிரச்சினை ஆரம்பமாகும். குளத்து மீன் பாசியைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஓர் ஆளையும் போட்டிருப்பார். ஆள் கம்போடு வருவார்.

“யாருய்யா அது? குத்தகக் கொளம்னு தெரியும்ல?”

“தெரியும்ணே. ஒங்க மீனு நமக்கெதுக்கு? நீங்க விட்டது கட்லா, ரோகு, மிர்கால். நான் பிடிக்கிறது ஜிலேபி. அத எவனும் விடல. அதுவா வந்துச்சு.”

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கங்கைச் சீமை மீன்கள். இங்கே வருசா வருசம் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விடவேண்டும். ஜிலேபிக் கெண்டை அதைவிடத் தூரத்துக்காரன். ஆப்பிரிக்காவில் பிறந்து, இலங்கை வழியாக 1952இல் மண்டபத்துக்கு வந்து இறங்கியது. அதற்கப்புறம் அதற்கு யார் தயவும் தேவைப்படவில்லை. தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரித்து, ஆபத்து என்றால் குஞ்சுகளையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். முழங்கால் தண்ணீர் கிடைத்தாலும் வம்சம் பெருக்கும். ஆகவே அது ஊர்ப் பொதுச் சொத்து என்பது நம்மாள் கட்சி. மீதிப் பாதி, ரோகு மாட்டும்போது தெரியும். “நானாண்ணே கூப்பிட்டேன்? அதுவா வந்து கடிச்சிருச்சு.” காவலாள் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். பீடி கைமாறும். கொஞ்ச நேரத்தில், “அந்த அல்லிக்கொடி ஓரமாப் போடு மாப்ள, அங்கிட்டுத்தான் மேயுது” என்று அவரே இடம் காட்டுவார்.

இப்போது இளவட்டங்கள் வேறு வந்துவிட்டார்கள். மடக்குகிற கம்பி, ரீல், ரப்பர் தவளை, படம் பிடிக்க ஒரு தம்பி. விராலுக்கு வீசுகிறார்கள். ரப்பர் தவளை நாலு, கொடியில் மாட்டி அறுந்தால் ஒரு கிலோ விரால் போன கணக்கு. அது அவர்கள் பாடு. நம்மாளுக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மூச்சுவிட மேலே வரும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் வரும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையை வீசினால் பெரிய மீன் உடனே பாய்ந்து கடிக்கும். “பசிச்சுக் கடிச்சா அது வேற தம்பி. பிள்ளையக் காபந்து பண்ண வந்து கடிக்கிறத இழுக்குறது என்னடா தெறம?” என்று அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். பையன்கள் அதையும் படம் பிடித்துக்கொள்வார்கள்.

தப்பிப் போன மீனின் அளவு சொல்லும் இடத்தைப் பொறுத்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு சொன்னால் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். மீன் முழங்கையோடு நின்றுவிடும். டீக்கடை பெஞ்சில் இரண்டு கையும் சும்மா இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும்.

பிடித்து வந்த மீனுக்கு அந்தக் கஷ்டமில்லை, பைக்குள்ளேயே அடங்கும். வீட்டம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “சட்டியக் கழுவி வைக்கவா, கவுத்து வைக்கவா?” ஜிலேபி நாலு வந்திருந்தால் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி உரசி அந்த அம்மாள்தான் கழுவ வேண்டும், சேற்று வாடை போக மூன்று தண்ணீர். கார்ப்பரேஷன் குழாயில் வராத நாளாக இருந்தால் விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீர். “பெட்ரோல் காசுக்கு ஒரு கிலோ கட்லாவே வாங்கியிருக்கலாம்” என்பார். கடையில் மீன் வாங்குவது என்பது தூண்டில்காரர் வீட்டில் மானப் பிரச்சினை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அயிரை வாங்கி, பாலில் நீந்தவிட்டு மண்ணைக் கக்கவைத்து, குழம்பு கூட்டி இறக்கிவிடுவார்கள். சாப்பிடும்போது அவரும் கேட்பதில்லை. அயிரை தூண்டிலுக்கு வராது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகள் ஒருநாள் சொன்னாள், வள்ளுவர் சூது அதிகாரத்தில்தான் தூண்டிலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று. “நல்லாப் படி பாப்பா. அவரு முழுங்குற மீனத்தான் வஞ்சிருக்காரு. பிடிக்கிற ஆள ஒண்ணும் சொல்லல” என்றார் அப்பா.

தை முடிந்தால் தண்ணீர் பின்வாங்கும். அப்போது நாளிதழில் அணை நீர்மட்டம் போடும் மூலைதான் அவருக்கு முதல் பக்கம். வைகை 71 அடிக்கு எத்தனை, பெரியாறு 142க்கு எத்தனை, ஆத்தூர் காமராஜர் அணை 23.5 அடிக்கு எத்தனை என்று, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் தங்கம் விலை பார்ப்பதுபோல் தினமும் பார்ப்பார். ஆத்தூர் அணை இறங்கினால் திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் சிக்கல் என்று மற்றவர்கள் கவலைப்படுவார்கள். அவருக்கு அதுவும் உண்டு, இரண்டாவதாக.

சித்திரையில் குளத்துக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். நம்மாள் சீமைக்கருவேல நிழலில் நின்று பார்ப்பார். கிரிக்கெட்டை அல்ல. “டேய், நீ பேட் பிடிக்கிற எடத்துல ரெண்டாள் ஆழம்டா. மிட்டாஃப்ல நிக்கிறவன் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளு, அதுதான் கெளுத்திப் பொந்து.” பையன்கள் தள்ளி நிற்பார்கள். வாதாடுவதைவிட அது சுலபம்.

அமெரிக்காவின் வடகோடியில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம், பத்தாயிரம் ஏரி நாடு என்று பெயர். குளிர்காலத்தில் ஏரி கல்லாக உறைந்துவிடும். அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் அசருவதில்லை. பனிக்கட்டிமேல் குடிசை போட்டு, துளை இட்டு, நரம்பை உள்ளே இறக்கிவிட்டு அடுப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். இதைச் செல்போனில் காட்டியபோது நம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவய்ங்களுக்குக் கட்டியாவாச்சும் தண்ணி இருக்குல்ல? இங்க ஓட்ட போட்டா ஆயிரம் அடிக்கும் பொகதான் வரும்” என்றார். அவ்வளவு தூரம் ஏன், கொடைக்கானலும் நம் மாவட்டம்தானே, லெவிஞ்ச் துரை 1863இல் அமைத்த ஏரி நிறைந்து கிடக்கிறதே என்றேன். “அங்க அனுமதிச் சீட்டு வாங்கணும். ஸ்வெட்டரும் வாங்கணும். மீனு எப்ப வாங்குறது?” வாங்குவது என்ற சொல் அவர் வாயில் தவறி வந்ததை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் குளம் வற்றும் சமயம் மீன்பிடித் திருவிழா போடுவார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருந்த சனமெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அரை நாளில் சேறு மட்டும் மிச்சம். பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைக்கலாம், சொந்தபந்தத்துக்குக் கொடுக்கலாம். அடுத்த வருசம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. நம்மாளுக்கு இது பிடிக்காது. “அது மீன்பிடியா? கலவரம். மீனுக்கு யோசிக்க ஒரு நிமிசம் குடுக்குறாய்ங்களா?” என்று வருசம் தவறாமல் திட்டுவார். எந்த ஊரில் எந்த நாள் என்ற பட்டியலும் அவரிடம்தான் இருக்கும். ஊத்தா பரணில்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை பிடித்தது. கீழ்ப் பழனிமலையில் பெய்தால் குடகனாற்றில் வரும். ஆத்தூர் அணை நிறைந்து மறுகால் பாய ஆரம்பித்தது. கரையோரத்தில் ஆட்டோவில் மைக் கட்டி, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், குளிக்க வேண்டாம், மீன் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அதில் அவர் காதில் விழுந்தது ஒரு சொல்தான்.

“ஏங்க, ஞாயித்துக்கெழம பாப்பாவப் பாக்க வேடசந்தூர்லருந்து வர்றாங்க. ஞாபகம் இருக்கா?”

“எத்தன மணிக்கு?”

“பத்து.”

“எட்டுக்குள்ள வந்துர்றேன்.”

வந்தது பத்தேகாலுக்கு. முழங்கால்வரை சேறு, தலையில் துண்டு, கையில் பை. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டம்மா அடுப்படியிலிருந்து பார்த்த பார்வையில் மீன் தானாகவே பொரிந்திருக்கும். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நேரே வாசலுக்கு வந்து, சுவரில் சாய்த்திருந்த மூங்கில் கம்பைத் தொட்டு, நரம்பை இரண்டு விரலால் உருவிப் பார்த்தார்.

“நல்லா ராவியிருக்கீக முள்ள. எந்தக் கொளம்?”

“சும்மா, ஆத்தூர்ப் பக்கம். அழகாபுரி அணையில இப்பத் தண்ணி எப்புடி?”

“கெண்ட கும்மியடிக்குது. வாங்களேன் அடுத்த வாரம்.”

இருவரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். சீர்வரிசை, நகை, மண்டபம் எல்லாவற்றையும் உள்ளே பெண்கள் ஒரு மணி நேரத்தில் பேசி முடித்தார்கள். தாம்பூலம் மாற்றக் கூப்பிடப் போனபோது வரப்போகும் சம்பந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்:

“ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிட்டோம். இனியாச்சும் சொல்லுங்க. எரைக்கு என்ன போடுறீக?”

“சும்மா, மாவுதான் சம்பந்தி.”