மழைக் கணக்கு மாமா

காலைச் செய்தியில் வானிலை தொடங்கியதும் மாமா வானொலியின் சத்தத்தைக் குறைப்பார். கேட்கப் பிடிக்காமல் அல்ல, பதில் சொல்ல வசதியாக.

"மத்திய, சப்ரகமுவ மாகாணங்களின் சில இடங்களில்..."

"எந்த எடம்? லயத்து நம்பரச் சொல்லு!"

நூறு மில்லிமீற்றர் என்றால் போதும், எழுந்துவிடுவார். முற்றத்துக் கல்லின் மேல் ஒரு பால்மா டின். பேரனின் அடிமட்டத்தை அதற்குள் விட்டு, கண்ணைச் சுருக்கி, "முப்பத்தெட்டு. கோழி குடிச்சது போக" என்பார். நேரான சுவருள்ள எந்த டின்னும் மழைமானிதான், வாயின் அகலம் கணக்கில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொல்பிட்டியவில் இப்படி ஒருவர் முளைத்ததில் வியப்பில்லை. தென்மேல் பருவக்காற்று மே மாதம் வந்து முட்டுகிற மலை இது. மேலே வட்டவளையில் கொட்டுவது ஊரறிந்தது. ஆனால் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது மேகத்தால் அல்ல, தராசால். அத்தை கொழுந்தெடுத்த காலத்தில், காலைப் பெரட்டில் எவ்வளவு ஊற்றினாலும் அது வெறும் தூறல், மலைக்குப் போகலாம். அந்திக்குக் கொழுந்து நிறுக்கும்போது அதே தூறல் பெருமழையாகிவிடும். தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழியும். "ஒரே நாளு, ஒரே மேகம், ரெண்டு மழை!" அன்றிலிருந்து எந்த அறிக்கை வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "இதச் சொல்றவனுக்கு என்னா லாபம்?"

கித்துல்கலையில் ரப்பர் படகு விடுகிறவர்களிடம் போனில் கேட்டால் ஆறு என்றைக்கும் 'சூப்பர்'. ஜனவரியில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழுந்தால் விடுதிக்காரருக்கு அது ஐரோப்பா, தோட்டத்துக்குக் கருகிய கொழுந்து. கொழும்புக்காரர் பல் தேய்த்து வெளியே வருவதற்குள் வெயில் வந்து பாதியைத் துடைத்துவிடும். லக்ஷபான வான்கதவு திறந்தார்கள் என்றால் மட்டும் மாமா வாயைத் திறப்பதில்லை. அது செய்திக்கு முன்பே மஸ்கெலி ஓயாவில் சத்தமாக வந்துவிடுகிறதே!

அமெரிக்காவில் பனிச்சறுக்கு விடுதிகள் தாங்களே அளந்து சொல்லும் பனி, சனி ஞாயிறுகளில் மட்டும் 23 சதவீதம் கூடியிருந்தது என்று டார்ட்மத் கல்லூரிப் பொருளியலாளர் இருவர் கண்டுபிடித்ததைச் சொன்னேன். சறுக்கப் போனவர்கள் கைபேசியில் உடனுக்குடன் உண்மையைப் போடத் தொடங்கியதும் அந்தப் புளுகு குறைந்ததாம். மாமா அசரவில்லை. "அவனுங்களும் நம்ம தராசடியிலதான் படிச்சிருப்பானுங்க."

மாமாவின் டின்னும் அப்படியொன்றும் சுத்தமில்லை. கினிகத்தேனைக்குப் போய் அரிசி வாங்கி வரச் சொல்கிற நாளில் அது தொண்ணூறுக்குக் கீழே இறங்காது. அத்தை எட்டிப் பார்த்து, "பொய்க் கணக்கு!" என்று டின்னைக் கவிழ்த்துவிட்டுப் பையை நீட்டுவார்.

ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், யாருக்கு என்ன லாபம் என்று மாமா கேட்பதில்லை. அடையாள அட்டையையும் மருந்தையும் சுருட்டிக்கொண்டு, பேரனின் கையைப் பிடித்தபடி, பள்ளிக்கூட மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்திருப்பார். அந்த ராத்திரிகளின் மழை அவர் கணக்கில் இல்லை. டின் முற்றத்திலேயே நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.