வாலைப் பாத்து வாங்கு மருமவனே

ஏலே மருமவனே, கிரீன் கார்டு வந்த கையோட சொந்தமா ஏரோப்ளேன் வாங்கப் போறியாமே! அக்கா போனைப் போட்டு ஒரே அழுகை. அழுதுக்கிட்டே, "நாலு பேரு உக்கார்ற சின்னதுதானாம்டா தம்பி"ன்னு எனக்கு ஆறுதல் வேற சொல்றா. நீ வாட்சப்புல அனுப்புன போட்டோ அம்புட்டையும் பாத்தேன். வீடியோவுக்கெல்லாம் எம்மவன் பக்கத்துல உக்காந்து அர்த்தஞ் சொன்னான். "எது அழகு மாமா?"ன்னு கேட்டிருக்க. ஆளு பாத்துத்தான் கேட்டிருக்க. எஞ்சினைப் பத்தி எனக்கு ஒரு மண்ணுந் தெரியாது. ஆனா மாட்டுச் சந்தையில தரகு பாத்தே நரைச்சவன் நான். விக்கிறவன் எந்தப் பக்கத்தைக் காட்டுறான், எந்தப் பக்கத்தை மறைக்கிறான்னு தெரியும்.

மூஞ்சிய விடு. ஒரு விசிறி, ஒரு கண்ணாடி, எல்லாத்துக்கும் ஏறக்கொறைய ஒரே மூஞ்சிதான். பின்னால போயி நின்னு வாலைப் பாரு.

நீ மொதல்ல அனுப்புன செஸ்னா 172ஐயே எடுத்துக்க. கான்சாஸ்ல விச்சிட்டாங்கிற ஊர்ல 1956 வாக்குல செய்ய ஆரம்பிச்சது. நடுவுல பத்து வருசம் நிறுத்தி வச்சதும் போக, 44,000க்கு மேல செஞ்சு தள்ளிட்டானுங்க. ஒலகத்துல வேற எந்த விமானமும் இம்புட்டு வித்ததில்ல. தலைக்கு மேல ரெக்கை, ரெண்டு பக்கமும் முட்டுக்கம்பு, வெயிலுக்கு அடியில ஒதுங்கிக்கலாம். அழகுன்னும் சொல்ல முடியாது, கோரம்னும் சொல்ல முடியாது. ஆனா அந்த வாலு இருக்கே! ஆரம்பத்துல ஒழுங்கா நட்டமா நின்ன வாலு, 1960 மாடல்ல பின்பக்கமாச் சாஞ்சிருச்சு. ஏன்? அப்பத்தான் ஜெட் விமானம் வந்த புதுசு. போயிங் 707க்கு வாலு சாஞ்சிருக்கும். சத்தத்தோட வேகத்தை நெருங்கிப் பறக்கிறவனுக்கு அது வேணும். நம்மாளு மணிக்கு 200 சொச்சம் கிலோமீட்டர் போறவன். அவனுக்கு எதுக்கு? விக்கிறதுக்கு! சந்தைக்கு முந்தின ராத்திரி கெழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுறோம்ல, அந்தச் சங்கதிதான். எனக்கு இதுல கோவம் ஒண்ணுமில்ல. தொழில் தெரிஞ்ச பயன்னு மரியாதைதான் வருது.

மூனின்னு ஒண்ணு அனுப்பிட்டு, "வாலைத் திருப்பி மாட்டிட்டாங்களோ"ன்னு சிரிச்சிருக்க. முன்விளிம்பு நட்டக்குத்தலா நிக்கிது, பின்விளிம்புதான் சாயுது. சிரிக்காத. மூக்கை ஏத்த எறக்க அந்த வாலு அடியோட அப்பிடியே மொத்தமா அசையுமாம். 1970கள்ல வந்த மாடலுக்கு 201ன்னு பேரு. 200 குதிரைச் சக்தி எஞ்சினை வச்சுக்கிட்டு மணிக்கு 201 மைல் போச்சு, அதான் பேரு. உள்ள மட்டும் கொஞ்சம் இடுக்கம். ஒங்க அம்மா சமையல்ல வளந்த ஒடம்பு ஒனக்கு. ஏறிப் பாத்துட்டு முடிவு பண்ணு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஒங்கண்ணு எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். ஒரே பிளேனை ஏழெட்டுப் பக்கமா நின்னு படம் புடிச்சவன் நீ. பீச்கிராப்ட் பொனான்சா, பழைய கவட்டை வாலு. எல்லாத்துக்கும் வாலு மூணு துண்டு, படுத்தது ரெண்டு, நின்னது ஒண்ணு. இதுக்கு ரெண்டே ரெண்டு, சாச்சு விரிச்சு வச்சிருக்கான். ஒரு துண்டு மிச்சம், காத்துத் தடை கொறையும்னு கணக்கு. 1945 டிசம்பர்ல மொதத் தடவை பறந்து, 1947ல விக்க வந்துச்சு. அழகுதான், நான் இல்லேங்கல. நானே அந்தப் போட்டோவை மட்டும் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். எம்மவன் பாத்துட்டுச் சிரிக்கிறான்.

ஆனா அந்தூருக்காரன் அதுக்கு வச்ச பட்டப்பேரு என்ன தெரியுமா? "கவட்டை வால் டாக்டர் கொல்லி." கை நெறையக் காசு, பழக நேரமில்ல. அப்பிடிப்பட்ட டாக்டரும் வக்கீலும் தேடித் தேடி வாங்குனானுங்க. வழுவழுன்னு செஞ்ச ஒடம்பு, மூக்கு கொஞ்சம் சாஞ்சாப் போதும், மளமளன்னு வேகம் எடுத்துரும். மேகத்துக்குள்ள திக்குத் தெரியாம நின்னவன் பதறிப் போயி வெடுக்குனு இழுக்க, வாலு பிச்சுக்கிட்டுப் போன கதை ஒண்ணு ரெண்டு இல்ல. கடைசியில 1980கள்ல வாலோட முன்பக்கத்துக்குப் பட்டை வச்சுக் கட்டியே ஆகணும்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. காத்து கொஞ்சம் கலைஞ்சாலும் பின்பக்கம் ஆட்டிக்கிட்டே போகுமாம். ஓட்டுறவனுக்குத் தெரியாது, பின்சீட்டுக்காரன் பையைத் தேடுவான். 1982ஓட கவட்டையை நிறுத்திட்டானுங்க. நட்ட வாலு வச்ச பொனான்சா அதுக்கப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சு. யாரும் ஏழெட்டுப் பக்கமா நின்னு படம் புடிக்கல, அம்புட்டுத்தான்.

நீ கம்ப்யூட்டர்காரன், தப்பிச்சுக்குவ. ஒம் பொண்டாட்டி பல் டாக்டரு. அந்தப் பட்டப்பேருல பல்லு சேத்தியா இல்லியான்னு விசாரிச்சுக்க.

லாங்-ஈசின்னு பர்ட் ரூட்டான் வரைஞ்ச ஒண்ணையும் அனுப்பியிருந்த. குட்டி ரெக்கை மூக்குல, எஞ்சின் முதுகுப் பக்கம். ஆளு எறங்குனதும் முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில ஊணி வச்சிர்றானுங்க. இல்லேன்னா எஞ்சின் பாரத்துல மல்லாந்துருமாம். மாடு படுக்கிறப்ப முன்னங்காலைத்தான் மொதல்ல மடக்கும், பாத்திருக்கியா? நீ எங்க பாத்த, தொழுவத்துப் பக்கமே வராத பய. எனக்கு அது அச்சு அசலாப் புரிஞ்சுச்சு. ஆனா அதை வீட்டுலயே கட்டணும். ஒங்கப்பன் வாங்குன கட்டிலுக்கு இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கு.

நீ அனுப்பாத ஒண்ணைச் சொல்றேன். "ஒலகத்துலயே அசிங்கமான பிளேன் பாருங்கப்பா"ன்னு எம்மவன் காட்டுனான். ஆஸ்திரேலியாக்காரன் செஞ்ச ஏர்ட்ரக், இத்தாலியில பொறந்த லூயிஜி பெல்லாரினின்னு ஒருத்தர் வரைஞ்சது. 1985ல வந்த மேட் மேக்ஸ் படத்துலகூட அது பறக்குது. பருத்த வயிறு. ஓட்டுறவன் எஞ்சினுக்கு மேல ஒசரத்துல ஏறி உக்காந்திருக்கான். பின்னால ரெண்டு கம்பு தனித்தனியா நீட்டிக்கிட்டு, ஆளுக்கொரு வாலு, நடுவுல சேக்கிறதுக்கு ஒரு தகடு கெடையாது. செய்யிறப்பவே காசு தீந்துருச்சோன்னு நெனச்சேன். அப்பறந்தான் சொல்றான், அது வயக்காட்டுக்கு ஒரம் தூவுற பிளேனாம். ஒரம் ஏத்துற வண்டி ரெண்டு வாலுக்கும் நடுவுல நேரா உள்ள புகுந்து, வயித்துல கொட்டிட்டுப் போகணும், அதுக்குத்தான் அந்தச் சந்து. அதைக் கேட்டதுலருந்து எனக்கு அதை அசிங்கம்னு சொல்ல வாய் வரல. ஒனக்கு அது வேண்டாம், ஒங்கிட்ட வயலும் இல்ல, வெவரமும் இல்ல.

எதை வாங்கினாலும் ரெண்டு மூணு சங்கதி பாத்துக்க. சக்கரத்துக்குக் கால்சட்டை மாட்டியிருப்பான், அவன் பேண்ட்டுன்னே சொல்றான். பாக்க எடுப்பா இருக்கும், வேகமும் கொஞ்சம் கூடும். ஆனா புல்லுத் தரையில, சேத்துல எறக்குனா மண்ணு உள்ள போயி அப்பிக்கிரும். பழைய பிளேனுக்குப் புதுப் பெயிண்ட் பளபளன்னு இருந்தா விரலால தட்டாத, நேரா சந்தேகப்படு. அடியில துரு தின்னுருக்கான்னு பாக்க மெக்கானிக்கை நீயே கூட்டிட்டுப் போ, விக்கிறவன் கைகாட்டுற மெக்கானிக் வேண்டாம். ஆதியிலருந்து எழுதுன லாக் புக் இல்லேன்னா வெலையைக் கொறைச்சுக் கேளு, கூசாமக் கேளு.

பேரம் பேசுற அன்னிக்கு என்னைய வீடியோ கால்ல வச்சுக்க. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சுப் பேசுறது அவனுக்குப் பழக்கமிருக்காது, போனுக்குள்ள அது முடியவும் முடியாது, வாயாலயே பேசித் தொலைக்கிறேன். தரகு நீ பாத்துக் குடு. ஒங்க அம்மா கேட்டா மட்டும், மாமன்தான் பாத்துச் சொன்னாருன்னு சொல்லிராத.