படிவத்தில் இல்லாத துக்கம்

2005 தை மாதம், சுனாமிக்கு அடுத்த மாதம். மட்டக்களப்பு கல்லடியில் முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடமொன்றில், வெளியிலிருந்து வந்த குழுவொன்றுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கொண்டுவந்த படிவம் முழுவதும் ஒரே நோயைத்தான் தேடியது: பிடிஎஸ்டி, அதாவது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்.

"கெட்ட கனவு வருதா?" நாவலடியில் மகளைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் கேட்டேன்.

"கனவுல புள்ள வந்தா நல்லந்தானே தங்கச்சி. வராத ராவுலதான் எனக்கு ஏலாது."

ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். எதில் புள்ளடி போடுவது? பெருமூச்சு வருகுது, நெஞ்சடைக்குது, தலை விறைக்குது என்று சொன்ன பெண்களுக்குக் கட்டமே இல்லை. பனடோல் கொடுத்து அனுப்பினார்கள்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் துன்பத்தைக் கண்டு, 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்த்த பெயர் பிடிஎஸ்டி. அதே போரில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாரோடு பேசித்தான் போலின் பாஸ் என்ற ஆய்வாளர் இன்னொரு பெயரை உருவாக்கினார்: தெளிவற்ற இழப்பு. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே வாழ்வது. படையினரின் நோய்ப்பெயர் கடலலை வற்றுமுன் மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. மனைவிமாரின் பெயரை அன்று எந்த முகாமிலும் நான் கேட்கவில்லை. 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து மட்டும் 158 பேரை இராணுவம் கொண்டுபோயிருந்தது. அவர்களின் மனைவிமார் வாவியின் இரு கரையிலும் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்காமல் போனதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது பிள்ளைகளின் வாயில் டிப்ரஷன், ஆங்சைட்டி, ட்ரோமா எல்லாம் சரளம். என் பெரியம்மாவின் புருஷனும் 1990இல் அந்த முகாமிலிருந்து போனவர்தான். நெஞ்சடைப்பென்று அவவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, பேத்தி போனைப் பார்த்து "அம்மம்மாக்கு நீடித்த துயர நோய்" என்றாள். அந்தப் பெயர் அமெரிக்கக் கையேட்டுக்குள் வந்ததே 2022இல்தான். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அது செத்தவங்களுக்காகத் துக்கப்படுற ஆக்களுக்குச் சொல்றது, மகள்."

"அவர் செத்தெண்டு ஆர் சொன்ன?" பெரியம்மா நிமிர்ந்தா.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து கேட்டார். வெளியே வரிசை நீண்டிருந்தும் அவசரப்படவில்லை. பிறகு தெளிவற்ற இழப்பைப் பற்றியும், அந்த விமானிகளின் மனைவிமாரைப் பற்றியும் எடுத்துச் சொன்னார். பெரியம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தா.

"அவங்கட புரிசன்மாரு திரும்பி வந்தாங்களாமா?"