பின்கண்ணாடியைத் திருப்பி மாட்டியவர்

1961 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. அல்ஜியர்ஸில் நாலு பிரெஞ்சு ஜெனரல்கள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தது பாரிஸ்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ராத்திரி எட்டு மணிக்கு அதிபர் தெ கோல் பட்டாள உடுப்பு மாட்டிக்கொண்டு டி.வி.யில் வந்து ஜெனரல்களைத் திட்டித் தீர்த்தார். நடுராத்திரி நெருங்கும் நேரத்தில் பிரதமர் மிஷெல் தெப்ரே தூக்கம் கெட்ட முகத்தோடு தோன்றினார். சங்கு ஊதினால் மக்கள் நடந்தோ, காரிலோ விமான நிலையங்களுக்குப் போக வேண்டும், அங்கே வந்து இறங்கும் சிப்பாய்களுக்குப் புத்தி சொல்லித் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1914இல் பட்டாளத்தை டாக்சியில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பிய நாடு அது. ஆகவே யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. சிட்ரோயன் கம்பெனியின் புதுக் கார்தான் இறங்கியது. பெயர் அமி 6.

நாலு கதவு, நாலு பேர், ஒரு டிக்கி. சின்னக் குடும்பத்துக்கான சாதாரண செடான் என்றுதான் கம்பெனி சொன்னது. பார்த்தவர்களுக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதிலேயே தகராறு. பானெட் நடுவில் குழிந்து கிடந்தது. கிட்டத்தட்ட எல்லாரும் வட்ட ஹெட்லைட் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு நீள்சதுர ஹெட்லைட். ஸ்டீயரிங் வளையத்துக்கு ஒரே ஒரு கம்பி. இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது பின்கண்ணாடி. மற்ற கார்களில் அது கூரையிலிருந்து டிக்கியை நோக்கிச் சரிந்து வரும். இதில் உள்பக்கமாக, பின்சீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. கண்காட்சி மேடையில் சுழல விட்ட கனவுக் காரை யாரோ தவறுதலாக விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். நடந்தது அதைவிட வேடிக்கை.

சிட்ரோயன் கடையில் அப்போது இரண்டே சரக்கு. ஒன்று 1948இல் வந்த 2சிவி: மரச்செருப்புப் போட்ட விவசாயியும் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையும் ஏறவேண்டும், உழுத வயலில் ஓட்டினால் கூடை முட்டை உடையக்கூடாது என்ற நிபந்தனைகளுக்காகச் செய்த வண்டி. 375 சிசி, 9 குதிரைத்திறன். இன்னொன்று 1955 பாரிஸ் கண்காட்சியில் வந்த டிஎஸ். அது வந்த முதல் கால்மணி நேரத்தில் 743 ஆர்டர், பொழுது சாய்வதற்குள் 12,000. நிறுத்தினால் மண்டியிடும், கிளப்பினால் எழுந்து நிற்கும் காருக்கு அப்படித்தான் கூட்டம் வரும். நடுவில் என்ன? ஒன்றும் இல்லை. முட்டைக்கூடை விவசாயிக்கு ஒரு கார், மந்திரிக்கு ஒரு கார். போஸ்ட் மாஸ்டரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ரெனோ டொஃபினையோ சிம்காவையோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து வருஷமாக வாசலோடு போகிற காசை சிட்ரோயன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

1958இல் தலைமைக்கு வந்தவர் பியர் பெர்கோ. இந்த ஓட்டையை அடைக்க முடிவு செய்தார். முடிவோடு நிபந்தனைகளும் வந்தன. செலவு கூடாது, 2சிவியின் அடிச்சட்டமே போதும். நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. பின்சீட்டில் உட்காருபவரின் தலை கூரையில் இடிக்கக்கூடாது. தனி டிக்கி கட்டாயம் வேண்டும். கடைசியாக, காரின் முதுகு முழுக்கத் திறக்கும் பின்கதவு கிடையவே கிடையாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் கதையின் வில்லன். முதுகுக் கதவு ஒன்றும் சிட்ரோயனுக்குப் புதிதல்ல. போருக்கு முன்பே தன் டிராக்‌ஷன் அவான் காரில் அப்படி ஒரு மாடலைப் போட்டு, வியாபாரிகளுக்கு விற்ற கம்பெனி அது. கேடு வந்ததும் அதனால்தான். கறிக்கடைக்காரர் பன்றித்தொடையை ஏற்றிய கதவு வழியாக வாத்தியார் வீட்டு அம்மா தன் தொப்பிப் பெட்டியை ஏற்றுவாளா என்பது பெர்கோவின் கவலை. வசதி என்பது அவருக்குக் கொஞ்சம் கீழ்சாதி விஷயம். பிரான்சிலும் தீட்டு உண்டு. அங்கே அது காரின் பின்பக்கத்தில் இருந்தது.

நிபந்தனைகளைச் சுமந்துகொண்டு போன காகிதம் ஃப்ளமினியோ பெர்த்தோனியின் மேஜைக்கு வந்தது. இத்தாலியில் வரேசே பக்கத்தில் 1903இல் பிறந்த சிற்பி. (பேர்போன கார் வடிவமைப்பாளர் பெர்டோனே வேறு ஆள், இருவரையும் குழப்பிக்கொள்வது உலக வழக்கம்.) 1934 டிராக்‌ஷன் அவானின் உருவத்தைப் படமாக வரையாமல் களிமண்மாதிரி பொருளைப் பிசைந்தே செய்து காட்டியவர். 2சிவியின் சட்டைக்கும் டிஎஸ்ஸின் சட்டைக்கும் அளவெடுத்தவர் அவர்தான். அந்த டிஎஸ்ஸைச் சக்கரம் இல்லாமல் சிற்பம் மாதிரி 1957இல் மிலான் கலைக் கண்காட்சியில் நிறுத்தினார்கள். அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய், 22 குதிரைத்திறனுக்கு டிக்கி வைத்துக் கொடு என்றால் எப்படி இருக்கும்?

அவருடைய கணக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 2சிவியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.40 மீட்டர். அதை மாற்ற முடியாது. எஞ்சின் முன்னால். அதற்குப் பின்னால் இரண்டு வரிசை ஆட்கள். பின்வரிசை ஆளின் உச்சந்தலைக்கு மேல் கூரை இருந்தே ஆக வேண்டும். அங்கிருந்து கண்ணாடியை வழக்கம்போல வெளிப்பக்கம் சரித்தால், அது போய் முடியும் இடத்தில்தான் டிக்கி மூடி தொடங்க முடியும். டிக்கியும் உருப்படியாக வேண்டும் என்றால் 4 மீட்டர் போச்சு. நீளத்தைக் காப்பாற்றினால் டிக்கி போச்சு. இரண்டையும் காப்பாற்றினால் பின்சீட்டுக்காரர் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டும். பெர்த்தோனி கூரையைத் தலைக்கு மேலேயே நேராக நீட்டி, கண்ணாடியை அதன் அடியில் உள்நோக்கித் திருப்பிவிட்டார். தலை பிழைத்தது. கண்ணாடியின் அடிவிளிம்பு முன்னால் போய்விட்டதால் டிக்கி மூடியும் முன்னாலேயே ஆரம்பித்துப் பெரிதானது. ஸ்டெப்னியை பானெட்டுக்கு அடியில் அனுப்பிவிட்டதால் டிக்கி முழுவதும் சாமானுக்கே. மொத்த நீளம் 3.87 மீட்டர். வீட்டு இறவாரம்போலக் கூரை நீட்டிக்கொண்டிருந்ததால் மழை கண்ணாடியில் அதிகம் படவில்லை என்பது கொசுறு.

ஆக, உலகத்திலேயே விசித்திரமான பின்பக்கங்களில் ஒன்று பிறந்தது கட்டற்ற கற்பனையால் இல்லை. முதலாளியின் வறட்டு அந்தஸ்தும் கணக்குப்பிள்ளையின் கஞ்சத்தனமும் சேர்ந்து ஒரு சிற்பியை மூலையில் தள்ளியதால். கற்பனையை அவிழ்த்துவிட்டவர்களின் கதி வேறு. அமெரிக்காவில் பாக்கார்ட் கம்பெனி 1956இல் சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோன பிரிடிக்டர் என்ற கான்செப்ட் காரிலும் பின்கண்ணாடி உள்நோக்கித்தான் சரிந்திருந்தது. கூரையில் ஆள் ஏறுவதற்கு நகரும் பலகை, மூடிக்கொள்ளும் ஹெட்லைட், எல்லாம் உண்டு. பெயருக்கு எதிர்காலத்தைக் கணிப்பவன் என்று பொருள். 1958 மாடல்களோடு பாக்கார்ட் என்ற பெயரே சந்தையிலிருந்து போய்விடும் என்பதை மட்டும் அவனால் கணிக்க முடியவில்லை. ஃபோர்டின் ஆங்கிலியா 1959இலேயே திருப்பிய கண்ணாடியோடு இங்கிலாந்துத் தெருவுக்கு வந்துவிட்டது. ஹாரி பாட்டர் படத்தில் பறக்கிற வெளிர்நீலக் கார் அதுதான். ஜப்பானில் 1962இல் மாஸ்டா கரோல். அங்கே சின்னக் காருக்கான அன்றைய சட்டம் 3 மீட்டருக்குமேல் அனுமதிக்கவில்லை. அதற்குள் நாலு ஜப்பானியர்களை உட்கார வைக்க அவர்களும் கண்ணாடியைத் திருப்பினார்கள்.

இந்த மீட்டர் கணக்கு நமக்குத் தெரியாததா? 2006 பட்ஜெட்டில் சிவகங்கை எம்.பி.யாக இருந்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். அன்றிலிருந்து நம் நாட்டில் செடான் டிக்கிகளுக்குப் போதாத காலம். டாட்டா இண்டிகோவை 2008இல் நறுக்கினார்கள். 4.16 மீட்டர் இருந்த டிசையரை 2012இல் 3.995 ஆக்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் எக்ஸென்ட் பிறக்கும்போதே அளவாகப் பிறந்தது. பெர்த்தோனியின் முன்னால் இருந்த அதே கணக்குதான். நம்மவர்கள் போட்ட விடையில் கண்ணாடி ஒழுங்காக இருக்கும், டிக்கி மட்டும் கிளம்பும்போது எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். சிட்ரோயனே இப்போது திருவள்ளூரில் சி3 காரை 4 மீட்டருக்குள் செய்கிறது. அதில் முதுகுக் கதவு உண்டு, யாரும் தீட்டாக நினைப்பதில்லை.

1961க்குத் திரும்புவோம். 602 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். சமதரையில் மணிக்கு 105 கிலோமீட்டர்வரை போகும். கொஞ்சம் பொறுமை வேண்டும். வளைவில் திரும்பும்போது வண்டி சாயும் சாய்வைப் பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறார்கள் என்று தோன்றும். மெத்தென்று போகும் என்பதும் உண்மை. பிரிட்டனி மாகாணத்து ரென் ஊரில் புதுத் தொழிற்சாலையே இதற்காக எழுந்தது. விளம்பரங்களில் பெண்கள் ஓட்டினார்கள். சீமானுக்கு டிஎஸ், சீமாட்டிக்கு அமி என்பது கம்பெனியின் ஆசை. அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அந்த நாட்டுச் சட்டம் நீள்சதுர ஹெட்லைட்டை ஒத்துக்கொள்ளவில்லை. நாலு வட்ட விளக்குகளைக் குழிந்த பானெட்டின் இருபுறமும் ஜோடி ஜோடியாக ஒட்டி அனுப்பினார்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அமெரிக்கர்கள் பின்கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிரிட்டனியில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் முதல் அமி வந்து நின்றபோது இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

“ஏங்க, வண்டியைத் திருப்பியா நிறுத்தியிருக்கீங்க?”

“சரியாத்தான் நிக்குது. உங்க அம்மாவைப் பின்சீட்டுல ஏறச் சொல்லு.”

“அம்மா கொண்டை போட்டிருக்காங்க.”

“கொண்டையோட ஏறலாம். அதுக்குத்தான் இந்த அமர்க்களம்.”

மாமியாரின் கொண்டை இடிக்காத கார் என்றால் விற்காமல் என்ன செய்யும்? விற்றது. ஆனால் அதே 1961இல் ரெனோ 4 வந்து தொலைத்தது. விவசாயி, வாத்தியார், சீமாட்டி என்று யாரையும் பிரித்துப் பார்க்காத மொட்டையான பெட்டி. முதுகில் பெரிய கதவு. கன்றுக்குட்டியையும் ஏற்றலாம், கல்யாணத்துக்கும் போகலாம். ஜனங்கள் தீட்டுப் பார்க்கவில்லை.

பெர்கோவின் ஆட்கள் மூன்று வருஷம் யோசித்து, 1964 இலையுதிர்காலத்தில் அமி 6 பிரேக் என்ற ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தார்கள். கூரை கடைசிவரை நீண்டது. திருப்பிய கண்ணாடி போய்விட்டது. அதன் இடத்தில் முதுகு முழுக்கத் திறக்கும் கதவு. பெர்த்தோனி அதைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் இறந்துபோனார். தான் செய்ததிலேயே அவருக்குப் பிடித்தது டிஎஸ் இல்லை, இந்த அமி 6 செடான்தான் என்று சொல்வார்கள். நான் அவர் கட்சி. டிஎஸ்ஸை அழகாகச் செய்யப் பணம் இருந்தது, 2.40 மீட்டர் சட்டத்தில் அமியைச் செய்ய வைராக்கியம் வேண்டும்.

பிரேக் வந்ததும் செடானைப் பின்னுக்குத் தள்ளியது. 1966இல் பிரான்சில் அதிகம் விற்ற கார் அமி 6. மொத்தம் 10 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பாதிக்கு மேல் பிரேக். கறிக்கடைக்காரரின் கதவு வழியாகத்தான் கல்லாவுக்குக் காசு வந்தது.

இவ்வளவுக்குப் பிறகு பெர்கோவுக்கு மனசு மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். 1969இல் அமி 8 வந்தது. கண்ணாடியை ஊர் உலகத்தில் எல்லாரும் வைப்பதுபோல் வெளிப்பக்கம் சரித்துவிட்டார்கள், குழிந்த பானெட்டை நிமிர்த்திவிட்டார்கள். சரிந்த முதுகைப் பார்த்தால் முழுக்கத் திறக்கும் என்று சத்தியமே செய்வோம். செடானில் திறக்காது. அடியில் ஒரு சின்ன மூடி மட்டும் திறக்கும். அடுத்த வருஷம் ஜிஎஸ் வந்தது: காற்றைக் கிழிக்கும் உடல், 1971க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம், சரிந்த முதுகு, அடியில் ஒரு சின்ன மூடி. 1974இல் பெரிய வீட்டுக் கார் சிஎக்ஸ். சரிந்த முதுகு, அதே மூடி. 2சிவியின் தங்கச்சி டயானுக்கு மட்டும் 1967லேயே முதுகுக் கதவு கொடுத்திருந்தார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு என்ன அந்தஸ்து. ஜிஎஸ்ஸின் முதுகு கடைசியில் 1979இல், ஜிஎஸ்ஏ என்று பெயர் மாற்றிக்கொண்டபோது திறந்தது. அதற்குள் பெர்கோ பதவியை விட்டுப் போய் பல வருஷம் ஆகியிருந்தது, கம்பெனி பெஜோவின் கைக்குப் போயிருந்தது.