சிரிக்காத முகம்

கேள்வி: வசனமே இல்லாத மௌனப் படங்களில் இன்று ரசிக்க என்ன இருக்கிறது?

பதில்: வீடே இடிந்து மேலே விழும்போது வசனம் எதற்கு? 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து இறங்க, ஆள் பிழைக்கிறார். சுவர் நிஜமானது, எடை ஏறத்தாழ 2 டன். உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி. டூப் கிடையாது. அத்தனைக்கும் முகத்தில் ஒரு சலனம் இல்லை! தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதைச் சிறுவயதிலேயே, பெற்றோருடன் மேடையேறிய நாட்களில் கற்றவர் அவர். 1924-ல் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் கழுத்தெலும்பு முறிந்ததே பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

மௌனப் படம் என்றாலே தடதடவென்று ஓடும் என்று நினைப்பது தவறு. அன்றைய கேமராக்கள் பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்டவை. விநாடிக்கு 16 முதல் 20 பிரேம் வரை பதிவானதை 24 பிரேமில் ஓட்டுவதால் வரும் கோளாறு அது. சரியான வேகத்தில், இசையோடு பார்த்தால் நடிப்பின் நிதானம் புலப்படும். முதலில் பார்க்க உகந்தது, கீட்டன் நடித்த 1926-ன் 'தி ஜெனரல்'.